விழுந்த இடத்தைக் காட்டிய மாணவன்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 5:20–27, 6:1–7, உபாகமம் 19:1–7



பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து செவிலியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக நீங்கள் தவறாமல் ஜெபித்து வருகிறீர்கள். உங்கள் காணிக்கையால் அவர்களில் பலர் படிக்கிறார்கள். அவர்கள் தேர்ச்சி பெற்றதையும் வேலையில் சேர்ந்ததையும் இவ்விதழில் மகிழ்ச்சியோடு எழுதுவது வழக்கம். இம்முறை, அந்தப் பிள்ளைகள் தவறு செய்துவிட்டால் என்ன செய்ய வேண்டும், நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை வேத வெளிச்சத்தில் சிந்திப்போம். நன்கொடையாளருக்கு நல்ல செய்தி மாத்திரம் எழுதினால் போதும் என்று சிலர் நினைக்கலாம். உங்களை உடன் ஊழியராகக் கருதுவதால் இதையும் எழுதுகிறோம்.

மாணவிகள் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் தீபமேற்றும் விழாவை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் வழங்கினாலும், அந்த உறுதிமொழியை எழுதியவர் அவர் அல்லர். 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியரின் தலைமையில் ஒரு குழுவினர் அதை எழுதினார்கள். தீங்கு விளைவிக்கும் மருந்தைத் தெரிந்தே கொடுப்பதில்லை என்ற வாக்கும் அதில் இருந்தது. "தெரிந்தே" என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். தெரியாமல் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? விளக்கேந்திய அதே கை தவறான ஊசியைப் போட்டுவிட்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த மாணவி என்ன செய்ய வேண்டும்? இன்றைய பாடம் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள்

இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் 5-ஆம் அதிகாரத்தின் முடிவும் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டிலும் ஆசிரியர் எலிசா. இரண்டிலும் அவர் தம் மாணவனிடம் ஓர் இடத்தைப் பற்றிக் கேட்கிறார்.

முதல் மாணவன் கேயாசி. நாகமானின் நோய் நீங்கியபோது எலிசா காணிக்கை வாங்க மறுத்துவிட்டார். கேயாசியோ பின்னால் ஓடிப்போய், விருந்தாளிகள் வந்திருப்பதாகப் பொய் சொல்லி, வெள்ளியும் வஸ்திரமும் வாங்கி வீட்டில் ஒளித்து வைத்தான். பிறகு எதுவும் நடவாததுபோல எஜமானுக்கு முன்பாக வந்து நின்றான். எங்கே போய் வந்தாய் என்று கேட்டதற்கு, எங்கும் போகவில்லை என்றான். அவனைச் சேர்ந்த வியாதியை வைத்து, நோயெல்லாம் பாவத்தின் தண்டனை என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். தொழுநோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் மருத்துவப் பணியில் அப்படிப்பட்ட போதனைக்கு இடமில்லை. நாம் கவனிக்க வேண்டியது அவனுடைய பதிலை. குணமாக்கும் ஊழியத்தில் எலிசாவுக்கு மிக நெருக்கமாக இருந்தவன் பொய்யினாலே அந்த இடத்தை இழந்தான்.

இரண்டாம் மாணவனுக்குப் பெயர்கூட இல்லை. விடுதியில் இடம் போதவில்லை என்று தீர்க்கதரிசிகளின் புத்திரர் யோர்தான் கரைக்கு மரம் வெட்டப் போனார்கள். அவர்களில் ஒருவன் வெட்டும்போது கோடரியின் இரும்பு கழன்று ஆற்றில் விழுந்தது. அந்நாட்களில் இரும்பு விலையுயர்ந்த பொருள். அதுவும் இரவல் கோடரி. அவனிடம் நான்கு காரியங்களைக் காண்கிறோம்.

ஒன்று, அவன் உடனே கூப்பிட்டான். மாலை வரை காத்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த தோழனிடம் முணுமுணுக்கவும் இல்லை, ஆசிரியரிடமே சொன்னான்.

இரண்டு, அது இரவல் என்றும் சேர்த்துச் சொன்னான். தனக்கு என்ன ஆகுமோ என்பதைக் காட்டிலும், பொருளுக்கு உரியவரை நினைத்தான். படுக்கையில் இருக்கும் நோயாளியும் நமக்கு இரவலாக ஒப்புவிக்கப்பட்டவரே. அவர் ஒரு குடும்பத்துக்கும் தேவனுக்கும் உரியவர்.

மூன்று, விழுந்த இடம் எது என்று எலிசா கேட்டார், அவன் காட்டினான். ஏன் கவனமாக இருக்கவில்லை என்றோ, யார் உனக்குக் கோடரி கொடுத்தது என்றோ ஆசிரியர் அப்போது கேட்கவில்லை. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, இடத்தை மறந்தால் இரும்பு போய்விடும். காரணத்தை விசாரிக்கக் கரையேறிய பின் நேரம் உண்டு.

நான்கு, இரும்பு மிதந்தபோது எலிசா அதைத் தாமே எடுத்துக் கொடுக்கவில்லை. நீ எடுத்துக்கொள் என்றார்; அவன் கையை நீட்டி எடுத்தான். தவறிய கையிலேயே பொறுப்பு திரும்பவும் கொடுக்கப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. மரம் வெட்டப் போகும்போது எங்களோடு வாரும் என்று மாணவர்களில் ஒருவன் அழைத்திருந்தான். எலிசாவும் கூடப் போயிருந்தார். தவறு நேர்ந்தபோது ஆசிரியர் கூப்பிடும் தூரத்தில் இருந்தார்.

இரவு ஒன்பது மணி ஊசி

நாங்கள் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். எந்த மருத்துவமனை, யார் என்பது தேவையில்லை.

அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி. தகப்பனார் கட்டட வேலைக்குப் போகிறவர். அன்று அவளுக்கு இரவுப் பணி. பருத்திக்கு மருந்தடித்த ஒரு விவசாயி மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்பட்டிருந்தார். அவருக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அட்ரோபின் போட்டுக்கொண்டு வார்டு சிஸ்டர் அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாமல் இருந்தார். ஒன்பது மணிக்கு ஒரு வயதான தாயாருக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 20 யூனிட் போட வேண்டும். மாணவி தனியாகவே போட்டாள்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. பல காலமாக வழக்கத்தில் உள்ளது ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. மற்றது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அந்தத் தாயாரின் மகன் வெளியூரில் வாங்கி வந்திருந்த குப்பி 100 யூனிட் வகை. மாணவி எடுத்தது சிவப்பு மூடி சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அரை மில்லியில் இருந்தது 20 அல்ல, 50 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு.

குப்பியைத் திரும்பக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும்போதுதான் லேபிளில் இருந்த 100 அவள் கண்ணில் பட்டது. வார்டில் யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாயார் நன்றாகத்தான் இருந்தார், உறங்கப் போய்க்கொண்டிருந்தார். சிரிஞ்சு குப்பைப் பெட்டியில் விழுந்தாகிவிட்டது. ஏட்டில் 20 யூனிட் என்று எழுதினால், மருத்துவர் எழுதிய அளவும் அதுவே. பொய் அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆனால் அந்தப் பொய்க்கு ஓர் உயிர் விலையாகியிருக்கலாம். சர்க்கரை இறங்கும்போது விழித்திருக்கும் நோயாளி கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்று சொல்லுவார். உறங்குகிறவர் சொல்லமாட்டார். மிகவும் இறங்கினால் வலிப்பு வரலாம், மூளை பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். தெரிந்துவிட்டாலோ, இதற்கு மருந்து சாதாரணமான குளுக்கோஸ். எந்த வார்டிலும் இருக்கிறது. தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மாணவி சிஸ்டரிடம் போய், "சிஸ்டர், தப்பு பண்ணிட்டேன். நாலாம் நம்பர் பாட்டிக்கு அம்பது யூனிட் போயிருக்கு" என்று சொன்னாள். "எத்தனை மணிக்குப் போட்ட?" என்பதே சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி. மருத்துவர் வந்தார். மணிக்கு ஒருமுறை விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். தாயாரை எழுப்பிச் சாப்பிட வைத்தார்கள். விடியுமுன் சர்க்கரை இறங்கியது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த இன்சுலின் ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும் என்பதால் மறுநாள் இரவு வரை கண்காணித்தார்கள். தாயார் நலமாக இருந்தார்.

காலையில் மகனிடம் மருத்துவர் நடந்ததைச் சொன்னார். மகன் சத்தம் போட்டார்; அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு அழைத்துப் போன நாளில்கூட அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதப் பரிசோதனைக்குத் தாயை அங்கேயே அழைத்து வந்தார்.

மாணவி பையைக் கட்டிவிட்டாள். "ஐயா, என்னை அனுப்பிடுவாங்க. ஃபீஸ் கட்டுறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று எங்களிடம் வந்து அழுதாள். உங்களைத்தான் சொன்னாள், நண்பர்களே. அவளை அனுப்பவில்லை. சம்பவ அறிக்கையை அவளே எழுதினாள். அதன் கீழே, மாணவி ஊசி போடும்போது உடன் நிற்காதது தன் பங்கு என்று சிஸ்டரும் எழுதிக் கையொப்பம் இட்டார். சில நாட்கள் அவள் தனியாக மருந்து கொடுக்க அனுமதிக்கப்படவில்லை. பின்பு இரண்டு குப்பிகளையும் இரண்டு சிரிஞ்சுகளையும் மேஜைமேல் வைத்து, தன் வகுப்பு முழுவதுக்கும் இந்தக் கணக்கை விளக்கும்படி டியூட்டர் அவளிடமே சொன்னார். இரும்பை எடுத்துக்கொள் என்று எலிசா சொன்னது போன்றதே அது.

தவறு வேறு, பொய் வேறு

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழலாம். ஒப்புக்கொண்டால் எல்லாம் மன்னிக்கப்படுமா? அப்படியானால் கண்டிப்பு எங்கே?

வேதம் இங்கே தெளிவாக வேறுபடுத்துகிறது. உபாகமம் 19-ஆம் அதிகாரத்தில் இதே கோடரி வருகிறது. ஒருவன் தோழனோடு காட்டில் மரம் வெட்டும்போது இரும்பு கழன்று தோழன்மேல் பட்டு அவன் இறந்துபோனால், வெட்டினவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிப்போய்ப் பிழைக்கலாம். பகைத்துப் பதுங்கியிருந்து கொன்றவனுக்கோ அங்கே இடமில்லை. எண்ணாகமம் 35-ன்படி, அடைக்கலம் பெற்றவனும் உடனே வீடு திரும்ப முடியாது. பிரதான ஆசாரியன் மரிக்குமட்டும் அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே அடைக்கலம் என்பது ஒன்றும் நடவாததுபோல் விட்டுவிடுவதல்ல. ஓர் உயிர் போயிற்று என்பதை அந்தப் பட்டணத்து வாழ்வு அவனுக்கு நாள்தோறும் நினைப்பூட்டும்.

வார்டிலும் இந்த வேறுபாடு வேண்டும். கண் தவறுவது ஒன்று. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் பாராமல் அலட்சியமாக இருப்பது வேறொன்று. அதற்குக் கண்டிப்பு உண்டு. மூன்றாவது ஒன்று இவ்விரண்டிலும் சேராது. காலை ஆறு மணிக்கு முப்பது பேருக்கு வெப்பநிலையும் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டியிருக்கும்போது, பத்துப் பேரைப் பார்த்துவிட்டு மற்ற இருபது பேருக்கு நேற்றைய எண்களையே எழுதுவது. அதனால் எந்த நோயாளிக்கும் அன்று ஆபத்து வராமலும் போகலாம். ஆயினும் அது தவறு அல்ல, பொய். இன்சுலின் மாணவி யோர்தான் கரையில் நின்றாள். எண்களைக் கற்பனை செய்யும் மாணவி கேயாசியின் வழியில் நிற்கிறாள். பெரிய விளைவைக் கண்டு கடுமையாகவும் சிறிய விளைவைக் கண்டு லேசாகவும் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கம். வேதம் இருதயத்தைப் பார்க்கிறது.

அறிக்கை எழுதும் நடையையும் கவனிக்கலாம். பொன்னை அக்கினியில் போட்டேன், கன்றுக்குட்டி வந்தது என்ற பொருளில் ஆரோன் மோசேயிடம் சொன்னான் (யாத்திராகமம் 32:24). "மருந்து விடுபட்டுவிட்டது", "அளவு அதிகமாகப் போய்விட்டது" என்று எழுதும்போது நாமும் ஆரோனின் இலக்கணத்தில் எழுதுகிறோம். "நான் கொடுக்கவில்லை", "நான் அதிகம் போட்டேன்" என்று எழுதக் கற்பிப்பதும் ஊழியமே.

பட்டணத்துக்குப் போகும் வழி

உபாகமம் 19:3-ல் நாம் எளிதில் கடந்துபோகும் ஒரு கட்டளை இருக்கிறது. அடைக்கலப் பட்டணத்துக்குப் போகும் வழியை ஜனங்கள் உண்டுபண்ணி வைக்க வேண்டும். ஓட வேண்டியது தவறினவன். வழி அமைக்க வேண்டியது சபையார். நடு இரவில் மாணவி யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? இவற்றை முன்னதாகவே தீர்மானித்து வைப்பது நிர்வாகத்தின் கடமை. உபாகமம் 22:8 இதற்கும் முந்திப் போகிறது: வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். இருவகைச் சிரிஞ்சும் ஒரே தட்டில் கலந்து கிடந்தால், அது சுவரில்லாத மாடி.

மருத்துவ உலகம் இதை மெதுவாகவே கற்றுக்கொண்டது. 1999-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தடுக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. இவற்றில் பெரும்பாலானவை கெட்ட மனிதர்களால் அல்ல, நல்லவர்களும் இடறும்படி அமைந்த ஏற்பாடுகளால் வருகின்றன என்பதே அதன் முடிவு. 2019 முதல் செப்டம்பர் 17-ஆம் நாளை உலக சுகாதார நிறுவனம் நோயாளர் பாதுகாப்பு நாளாக அனுசரிக்கிறது.

ஆனாலும் வழி எல்லா இடத்திலும் திறந்திருக்கவில்லை. 2017-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு செவிலியர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்தை எடுத்துப் போட்டுவிட்டார், நோயாளி இறந்தார். செவிலியர் தவறை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ உரிய அதிகாரிகளுக்கு அதைத் தெரிவிக்கவில்லை. அடுத்த ஆண்டு பெயரில்லாத ஒரு புகாரினால் வெளிவந்தது. 2022-ல் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றவர் அந்தச் செவிலியர் மாத்திரமே. சிறைக்குப் பதிலாக மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. எச்சரிக்கைகளைக் கவனியாமல் விட்டது அவருடைய பொறுப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உண்மை சொன்னவர் கூண்டிலும் மௌனமாயிருந்த நிறுவனம் வெளியிலும் நின்றதைக் கண்ட செவிலியர்கள், இனி யார் வாய் திறப்பார்கள் என்று கேட்டார்கள்.

மருதையாற்றுப் பாலம்

மேலே இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. பெரம்பலூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றி அரியலூர் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாற்றை நம் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். 1956 நவம்பர் 23-ஆம் தேதி அதிகாலை, கனமழையில் பெருகிய அந்த ஆறு அரியலூருக்கு அருகே ரயில் பாலத்தைச் சேதப்படுத்தியிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு ரயிலின் இஞ்சினும் பெட்டிகள் பலவும் வெள்ளத்தில் விழுந்தன. ஏறக்குறைய நூற்றைம்பது பேர் மாண்டார்கள்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்தின்போதே அவர் ராஜினாமா கொடுத்திருந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் கொடுத்தார். விபத்துக்கு சாஸ்திரி காரணமல்லர், ஆயினும் பொது வாழ்வில் ஒரு முன்மாதிரியாக இருக்கும்பொருட்டு ஏற்கிறேன் என்ற கருத்தில் நேரு பாராளுமன்றத்தில் பேசினார்.

சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவர் அல்லர். ரயிலை ஓட்டியவரும் அல்லர். இரவில் தண்டவாளத்தைப் பார்வையிட வேண்டிய யாரோ ஒரு தொழிலாளியின்மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் பதவியில் இருந்திருக்கலாம். பழி கீழே கீழே இறங்குவது உலக வழக்கம். பொறுப்பு மேலே ஏற வேண்டும் என்று அவர் காட்டினார். வார்டு சிஸ்டர் அந்த அறிக்கையின் கீழே கையொப்பம் இட்டதும் இந்த வழியே.

ஆனால் விலகிப்போவதுதான் பொறுப்பு என்று மாணவிகள் கற்றுக்கொள்ளக் கூடாது. அமைச்சரின் விலகல் நாட்டுக்கு ஒரு பதில். மாணவி பையைக் கட்டுவதோ பெரும்பாலும் பயத்தினால் வருகிற ஓட்டம். அவள் சொல்ல வேண்டிய பதில், தங்கியிருந்து இரவெல்லாம் அந்தத் தாயாரின் விரல் நுனியில் சர்க்கரையைச் சோதிப்பது.

உங்கள் பங்கு

அன்பு நண்பர்களே, நீங்கள் தாங்கும் பிள்ளை ஒருநாள் தவறு செய்வாள். உங்களுக்குப் பயந்து அவள் அதை மறைத்தால், உங்கள் அன்பே அவளுக்குச் சுமையாகிவிடும். "நீ உண்மையைச் சொன்னாய் என்று கேட்டால் சந்தோஷப்படுவோம்" என்று அடுத்த கடிதத்தில் அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண்களை விசாரிக்கும் பத்துக் கடிதங்களைவிட அது அவளைப் பலப்படுத்தும். உங்கள் காணிக்கை கைப்பிடிச் சுவராகவும் மாறுகிறது: தனித்தனித் தட்டுகளில் வைக்கும் சிரிஞ்சுகள், சர்க்கரை பார்க்கும் பட்டைகள், நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் பெயர்ப் பட்டி. எல்லாவற்றிற்கும் மேலாக, இரவுப் பணியில் மாணவியின் பக்கத்தில் நிற்க இன்னும் ஒரு சிஸ்டர். எலிசா கூடப் போனதைப்போல் யாராவது கூடப் போக வேண்டும்.

தன் மீறுதலை மறைக்கிறவன் வாழ்வடையான், அறிக்கை செய்து விட்டுவிடுகிறவன் இரக்கம் பெறுவான் என்பதே நீதிமொழிகள் 28:13-ன் சாரம். இரக்கம் பெறலாம் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் அறிக்கை பிறக்காது. அந்த நம்பிக்கையைச் சிலுவையில் கொடுத்தவர் நம் ஆண்டவர். அவருடைய பெயரால் நடக்கும் மருத்துவமனை அதை ஒரு மாணவிக்கு மறுக்கலாகாது.

குடும்ப ஜெபத்திலும் கூட்டங்களிலும் சிந்திக்க

1. நம் வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் நாம் முதலில் கேட்கும் கேள்வி என்ன? யார் உடைத்தது என்பதா, யாருக்காவது காயம் பட்டதா என்பதா?
2. கேயாசியும் கோடரி மாணவனும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். வேறுபாடு எங்கே தொடங்கியது?
3. நம் பொறுப்பில் உள்ளவர்கள் உண்மையைச் சொல்ல ஓடி வருவதற்கு நாம் வழி அமைத்திருக்கிறோமா?

ஜெபக் குறிப்புகள்

முதன்முறையாக வார்டுக்குச் செல்லும் மாணவிகளுக்காக. இரவுப் பணியில் தனித்து நிற்கும் சிஸ்டர்களுக்காக. தவறினால் பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்காகவும், அவர்கள் குடும்பத்தாரின் காயப்பட்ட மனதுக்காகவும். செய்த தவறை இதுவரை யாரிடமும் சொல்லாமல் சுமந்து திரியும் பிள்ளைகள் ஆண்டவரிடத்திலும் மனிதரிடத்திலும் அதை இறக்கி வைக்கும்படியாக.



கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்